குடும்ப வண்டியும் சறுக்கோட்டமும்

ஆரணியிலே பட்டுக்கட்டையும் பாட்டியையும் ஒருங்கே சுமக்கும் வீட்டு ஸ்கார்ப்பியோவை, பக்கவாட்டிற் சறுக்கியோடும் 'டிரிஃப்ட்' வண்டியாக்க விழையும் இளைஞரை யாம் இகழோம். அவ்வாசை எமக்கும் உண்டு.

2002-இல் வெளிவந்த அவ்வண்டியைப் பின்சக்கரங்கள் உந்துவது அதற்கு இசைவே. ஆயினும் உயரமும் பாரமும் பகையாம். சறுக்குங்கால் கவிழவுங் கூடும். இருக்கைகளைக் களைந்து தாழ்த்தினாலோ, பாட்டிக்கும் இடமில்லை, பட்டுக்கும் இடமில்லை. பதிவிற்கண்டதற்கு மாறாக வண்டியைத் திருத்தலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கின்றது.

பாவேற்றிய தறியில் இழைக்கணக்கை மாற்ற எந்நெசவாளர் துணிவர்?

ஆதலின் நண்பர்காள், குடும்பத்திற்குச் சோறிடும் வண்டியை விட்டுவைப்பீர். கூடிப் பொருள் சேர்த்துத் தாழ்ந்த வண்டியொன்றைப் பந்தயத்திற்கென்றே அமைத்து, தெருவிலன்று, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக்களத்தில் அனுமதி பெற்றுப் பயில்வீர். ஆசையை அடக்க வேண்டுவதில்லை. அதற்குரிய களத்தை அளித்தலே அறிவாம்.