பொல்பிட்டியவுக்கு வெள்ளத்துக்கு முன் செய்தி வருமா?

மத்திய மலைநாட்டில் மழை நீடித்தால் வான்கதவுகள் செய்தியாகும். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீர், இடையிலுள்ள மின்நிலையங்களைக் கடந்து லக்ஷபானவில் சேர்கிறது. அங்கிருந்து சுரங்கவழியாக, 1969இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய நீர்மின் நிலையத்தை அடைகிறது. மேலே ஒரு கதவு திறந்தால், கீழே உள்ளவர்களுக்கு அது உடனே தெரிய வேண்டும்.

கணினித் துறையில் இதற்குப் பொருத்தமான ஒரு முறை உண்டு: நிகழ்வு சார்ந்த மென்பொருள் கட்டமைப்பு. வழமையான முறையில் ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்டு, பதிலுக்காகக் காத்திருக்கும். இந்த முறையில், 'கதவு திறந்தது' என்ற செய்தி நடந்த கணமே ஒரு பொது இடத்துக்கு அனுப்பப்படும். அதைப் பெறுவதற்குப் பதிந்துள்ள எல்லா மென்பொருள்களும் அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி, 2011இல் திறந்த மூல மென்பொருளாக வெளியான காஃப்கா இத்தகைய பொது இடமாகவே செயற்படுகிறது.

இதன் நன்மை வேகம் மட்டுமல்ல. தோட்டத்துச் சங்கையோ, பாடசாலைக்கான குறுஞ்செய்தியையோ பின்னர் சேர்க்க அனுப்பும் மென்பொருளை மாற்றத் தேவையில்லை. ஒரு பகுதி பழுதானாலும் மற்றவை இயங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு நிலையையும், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கையையும், 150ஐத் தாண்டினால் வெளியேற்றத்தையும் அறிவுறுத்துகிறது. ஒவ்வோர் அளவைத் தாண்டுவதும் ஒரு நிகழ்வுதான்.

சிக்கலும் இங்கேயே இருக்கிறது. அனுப்புபவருக்கு யார் பெற்றார்கள் என்பது தானாகத் தெரியாது. செய்தி இருமுறை வரலாம். 'கதவு மூடியது' என்பது 'கதவு திறந்தது' என்பதற்கு முன்னரும் வந்து சேரலாம். எங்கே தவறியது என்று தேடுவது கடினம். ஆளுக்காள் "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்று சொல்லிவிடவும் முடியும்.

அந்தப் பதிலின் விலை நமக்குத் தெரியும். 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவின் நிலநடுக்கத்தை ஹவாயிலிருந்த மையம் நிமிடங்களில் அறிந்துகொண்டது. கிழக்குக் கரைக்கு அலை வரச் சுமார் இரண்டு மணிநேரம் இருந்தது. முல்லைத்தீவுக் கரையில் நின்றவர்களுக்கு அதைச் சொல்ல வழியே இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அங்கு எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது, குடியேற மாற்றிடம்தான் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, தமிழில் எச்சரிக்கைகள் போதுமான அளவில், உரிய நேரத்தில் வரவில்லை என்ற விமர்சனம் எழுந்தது.

ஆகவே, புதிய எச்சரிக்கைத் தொழில்நுட்பம் பற்றிப் பேசப்படும்போது அதன் வேகத்தை மட்டும் கேட்டால் போதாது. சிங்களச் செய்தி புறப்படும் அதே கணத்தில் தமிழ்ச் செய்தியும் புறப்படுமா, அல்லது மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்குமா? லயனில் உள்ளவர்கள் பெற்றார்களா என்பதை உறுதிசெய்யும் பதில் மேலே திரும்பி வருமா? பதில் வராத தோட்டத்துக்கு யார் நேரில் போவார்? வெளியேறச் சொன்னால் எங்கே போவது?

முதல் இரண்டும் மென்பொருள் வடிவமைப்பில் தீர்க்கக்கூடியவை. கடைசி இரண்டுக்கும் ஆளும் நிலமும் வேண்டும். அவற்றை அரசுதான் கொடுக்க வேண்டும்.