சங்கத் தலைமை: மாலையா, சுமையா?

ஆசிரியர் சங்கங்கள் பலவற்றின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒரே முறையில் நடந்தேறுகின்றது. தலைவருக்கு மாலை அணிவிக்கப்படுகின்றது. செயலறிக்கை படிக்கப்படுகின்றது, கணக்கறிக்கை ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. பழைய செயலவையே போட்டியின்றித் தேர்வு பெற்றதாக அறிவிக்கப்படுகின்றது. பின்னர் விருந்து, நன்றியுரை. அமைதியான காலத்துக்கு இது போதுமானதாக இருந்திருக்கலாம். மாறும் காலத்தில் இதற்குத் தலைமை என்று பெயரிடுவது பொருந்தாது.

மலேசியத் தமிழ்ப்பள்ளி கண்ட மாற்றங்கள் சிறியனவா? நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 880க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530க்கும் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நின்றது, மக்கள் நகரம் நோக்கிப் பெயர்ந்தனர். வகுப்பறைக்குள்ளும் மாற்றம் புகுந்தது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அத்திட்டம் கைவிடப்படும் என 2009இல் அறிவிக்கப்பட்டது. 2011இல் தொடக்கப்பள்ளிக்குப் புதிய கலைத்திட்டம் வந்தது. 2020இல் பெருந்தொற்று பள்ளிக் கதவுகளை அடைத்தது. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது.

இவ்வளவு மாற்றங்களுக்கிடையே, ஒரு சங்கத்தின் பணி மனு எழுதுவதோடு முடிந்துவிடுமா? முடிவு வெளிவந்த பின் எழுதப்படும் மனு, கண் கெட்ட பின் செய்யும் சூரிய வணக்கம் போன்றதே. தமிழ்ப்பள்ளி மாணவன் ஆங்கிலத்தில் கணிதம் பயின்றபோது எந்த இடத்தில் தடுமாறினான், எந்தப் பாடத்தில் முன்னேறினான் என்பதை அறிந்தவர் வகுப்பாசிரியர். அந்த அறிவைக் கேட்டு வாங்கி, தொகுத்து வைத்திருக்கும் சங்கத்தின் கையில் சான்று இருக்கும். அதைச் செய்யாத சங்கத்தின் கையில் உணர்ச்சி மட்டுமே எஞ்சும். உணர்ச்சிக்கு அனுதாபம் கிடைக்கும். சான்றுக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

“முடிவெடுப்பது கல்வியமைச்சு, சங்கத்தால் என்ன இயலும்?” என்பார் உளர். கொள்கையை வகுப்பது அமைச்சு என்பது மெய்யே. ஆயினும் அக்கொள்கை தோட்டத்துச் சிறு பள்ளியில் என்னவாகின்றது என்பதை அமைச்சுக்கு யார் சொல்வது? 150 மாணவருக்கும் குறைவான பள்ளிகளில், சில இடங்களில் ஈராண்டு மாணவர்களை ஒரே அறையில் அமர்த்திக் கற்பிக்கும் ஆசிரியர் இருக்கின்றார். நகரத்துப் பெரிய பள்ளி ஆசிரியரின் தேவை வேறு; அவருடைய தேவை வேறு. இருவரையும் உறுப்பினராகக் கொண்டது சங்கம் ஒன்றே. இருவரின் குரலையும் சேர்த்து ஒலிக்கச் செய்வது அதன் தலைமைக்குரிய கடமையன்றோ?

இக்கடமைக்குத் தடையாக நிற்பது நிதிக்குறைவு அன்று, நாற்காலிப் பற்றே. பல்லாண்டுகள் பொறுப்பில் இருந்தவர்களின் தியாகத்தை எவரும் மறுக்கவில்லை. அவர்கள் கைக்காசைச் செலவிட்டு, விடுமுறை நாளை இழந்து சங்கம் வளர்த்தனர். எனினும், வளர்த்தவருக்கே உரியது என்றால் அது சங்கமாகாது, சொத்தாகிவிடும். அனுபவம் அருகிருந்து அறிவுரை கூறட்டும். வழியை அடைத்து நிற்க வேண்டா. பதவிக் காலத்துக்கு வரம்பு வகுக்க வேண்டும். கூட்ட அறிக்கை எழுதுவது முதல் அமைச்சு அதிகாரிகளோடு பேசுவது வரை இளைய ஆசிரியர்களைப் பழக்க வேண்டும். தமக்குப் பின் சங்கத்தை நடத்த ஐவரை உருவாக்காத தலைவர், ஐம்பது விழா நடத்தியும் பயனில்லை.

இளைய ஆசிரியரும் குற்றத்திலிருந்து விடுபட இயலாது. “சங்கம் முதியோர் மடம்” என்று எள்ளிவிட்டு ஒதுங்கி நிற்பது எளிது. சந்தா கட்டாமல், கூட்டத்துக்கு வாராமல், இடமாற்றச் சிக்கல் எழும்போது மட்டும் தலைவரைத் தேடி ஓடுவது எவ்வகை நேர்மை? ஆசிரியர் பயிற்சி முடித்து வெளிவருவோர் பாடநூலைப் புரட்டும் ஆர்வத்தோடு சங்கத்தின் சட்டவிதிகளையும் புரட்டிப் பார்க்கட்டும். அவற்றில் தமக்குள்ள வாக்குரிமையைக் கண்டுகொள்ளட்டும். பொதுக்கூட்டத்தில் எழுந்து வினவட்டும்.

அடுத்த மாற்றம் ஆசிரியரின் இசைவைக் கேட்டு வரப்போவதில்லை. அது வரும் நாளில் சங்கத்தின் மேசைமீது வகுப்பறைச் சான்று இருக்க வேண்டும். அதை எடுத்துரைக்கப் பயின்ற இளையோர் அருகிருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஆயத்தம் செய்ய இயலாதவர் பொறுப்பை ஒப்படைப்பதே தமிழ்ப்பள்ளிக்குச் செய்யும் தொண்டு.