ஆசிரியையின் சேலையும் ஆசிரியரின் காற்சட்டையும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைத் தாண்டி உள்ளே திரும்பும் கிரவல் பாதையொன்றின் முடிவில் ஒரு சிறிய பாடசாலை இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் ஒரு வீடு. காலை ஏழு மணியளவில் அந்த முற்றத்தில் இரண்டு மூன்று ஸ்கூட்டிகள் வந்து நிற்கும். பஞ்சாபி அணிந்து வரும் ஆசிரியைகள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். கால் மணி நேரத்தில் சேலையுடன் வெளியே வருவார்கள். அந்த வீட்டு அம்மா இதற்காகவே அறைச் சுவரில் பெரிய கண்ணாடி ஒன்றைக் கொழுவி வைத்திருக்கிறார். ஊசிப் பெட்டியும் அவருடையதுதான். 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் மகனைக் கையளித்துவிட்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கும் தாய் அவர். காலையில் வீட்டில் நாலு குரல் கேட்பது நல்லதுதானே என்று சொன்னார்.

அதே நேரத்தில் அதே பாடசாலையின் ஆண் ஆசிரியர்கள் அந்த வீட்டைக் கடந்து நேராகப் போய்விடுகிறார்கள். வீட்டில் போட்ட காற்சட்டையும் சேட்டும்தான் அவர்களுக்கு வீதிக்கும் வகுப்பறைக்கும். வரவுப் பதிவேட்டில் அதிபர் ஏழரை மணிக்குச் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். கோட்டுக்கு மேலே கையொப்பம் இட்டவர் நேரத்துக்கு வந்தவர். கீழே இட்டவர் பிந்தியவர், காரணமும் எழுத வேண்டும்.

அந்த ஆசிரியைகளில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு வருடம் பின்னால் படித்தவர். மாத்தளனில் தகப்பனை இழந்தவர். தாயும் மகளும் அவருடைய சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். 2020 இல் பட்டதாரிப் பயிலுனராக நியமனம் கிடைத்தபோது மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. "முதல் மாசக் காசில ஐஞ்சு சாறி எடுத்தனான் அக்கா. பிளவுஸ் தைக்கிற கூலிக்குச் சித்தியிட்டக் கடன் வாங்கினனான்" என்றார். அவருடன் நியமனம் பெற்ற ஆண், கம்பஸில் போட்ட காற்சட்டைகளை ஸ்திரி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். இரண்டு வருடங்களுக்கு முன்னர் மழை நாளொன்றில் கிரவலில் ஸ்கூட்டி சறுக்கியது. காலை ஊன்றப் போனபோது கொசுவம் செருப்பில் மிதிபட்டு விழுந்தார். முழங்காலில் ஐந்து தையல். அதற்குப் பிறகுதான் இந்த வீடும் கண்ணாடியும்.

"எங்கட அம்மாமார் சாறியோட சைக்கிள் ஓடினவைதானே" என்று இதைக் கேட்ட ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மைதான். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் சேலை கட்டிய ஆசிரியைகள் சைக்கிளில் போவது நான் பார்த்து வளர்ந்த காட்சி. அவர்களில் அநேகர் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அல்லது பக்கத்து ஊருக்குப் போனவர்கள். இன்று வன்னியில் கஷ்டப் பிரதேசப் பாடசாலையொன்றுக்கு நியமனம் பெறும் பெண் நாளாந்தம் அறுபது எழுபது கிலோமீற்றர் ஓடுகிறார். பஸ் இல்லாத பாதை, யானை வரும் பாதை, மழைக்குக் கரைந்து போன பாதை. வேலையின் தூரம் மாறிவிட்டது, உடை மட்டும் அந்த ஒழுங்கையிலேயே நிற்கிறது.

இந்த விடயம் நாட்டின் பேசுபொருளானது 2022 இல். எரிபொருள் இல்லை, விலைவாசி தலைக்கு மேல். அரச உத்தியோகத்தர்கள் பொருத்தமான எளிய உடையில் கடமைக்கு வரலாம் என்று அந்த ஆண்டின் பிற்பகுதியில் தளர்வு கொடுக்கப்பட்டது. நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையைத் தவிர்த்து எளிய உடையில் பாடசாலைக்குப் போய், படங்களைச் சமூக ஊடகங்களில் பதிவிட்டார்கள். ஒரே நாளில் பெரும் கூச்சல் எழுந்தது. ஆசிரியைகளின் உடையில் மாற்றம் இல்லை என்று கல்வி அமைச்சு சொல்லிவிட்டது. கச்சேரியில் கோப்பு எழுதும் பெண்ணுக்குப் பொருந்திய பொருளாதார நெருக்கடி, வகுப்பறையில் நிற்கும் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. ஆண் ஆசிரியர்களின் உடை பற்றி அந்தச் சர்ச்சையில் எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஆண்களின் உடை பற்றி நாங்கள் பேசாமல் இருந்தவர்கள் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய உடையைப் பின்பற்றிய இலங்கையரைக் கண்டித்து ஆனந்த குமாரசுவாமி எழுதினார். 1924 இல் தொடங்கி, பின்னர் இளைஞர் காங்கிரஸ் என்று அறியப்பட்ட யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், கதரையும் தேசிய உடையையும் தன் உறுப்பினர்களிடம் வலியுறுத்தியது. 1927 இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தது அவர்களின் அழைப்பில்தான். வேட்டியும் நஷனலும் அணிந்த ஆசிரியர்கள் எங்கள் கல்லூரிகளில் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். பிறகு காற்சட்டை வந்தது. வசதி ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் நாங்கள் மறந்துவிடக்கூடாது. 1958 கலவரத்தில் தெற்கில் காடையர்கள் தமிழரை அடையாளம் கண்ட குறிகளில் வேட்டியும் ஒன்று. கொழும்பில் உத்தியோகம் பார்த்த எத்தனையோ தகப்பன்மாருக்குக் காற்சட்டை உயிர்க்காப்பாகவும் இருந்தது. வேட்டியைக் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் வைத்துவிட்டு அவர்கள் மாறினார்கள். தமிழ்ப் பண்பாடு அழிந்துவிட்டது என்று ஒருவரும் அலுவலக வாசலில் நின்று அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பெண்களும் 1983 இலும் அதன் பின்னர் சோதனைச் சாவடிகளிலும் பொட்டை அழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் ஊருக்கு வந்ததும் அதைத் திரும்ப வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கேள்வி வரும்.

என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் அரச அலுவலகமொன்றில் நடந்த ஊடகச் சந்திப்புக்கு ஜீன்ஸும் முழங்கால் வரை வரும் குர்தாவும் அணிந்து போயிருந்தேன். வாசலில் இருந்த காவலாளி, "தங்கச்சி, இந்த உடுப்போட மேல விடேலாது" என்றார். அவர் என்ன செய்வார், சொல்லி வைத்திருப்பதைச் சொன்னார். எனக்குப் பின்னால் வந்த சக ஊடகவியலாளர் அரைக்கை ரி-சேட்டில் கமராவையும் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். அவர் எடுத்த ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் அன்று நான் செய்தி எழுதினேன். கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. காணி விடுவிப்புப் பற்றியது. அதை எவரும் கேட்கவில்லை.

சேலைதான் எங்கள் தொழில் உலகின் ஒரே கண்ணியமான உடை என்பது நடைமுறையில் உண்மையும் அல்ல. குடும்பநல மாதுவை எண்ணிப் பாருங்கள். வெள்ளைக் கவுனில் சைக்கிளிலும் பின்னர் மோட்டார் சைக்கிளிலும் வீடு வீடாகப் போகிறார். அவரைக் கண்டால் கிழவிகளும் எழும்பி நின்று கதைக்கிறார்கள். ஆசுபத்திரியில் தாதியரின் கவுனைப் பார்த்து எவர் முகம் சுழித்தார்? வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு காட்சியும் தெரியும். நீளக் காற்சட்டையும் சேட்டும் இடுப்புப் பட்டியும் அணிந்து, இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய பெண்கள் போராளிகளாக, காவல்துறையினராக, நிர்வாகிகளாக எங்கள் வீதிகளில் நடந்தார்கள். எங்கள் தகப்பன்மார் அவர்களிடம் மரியாதையாகப் பேசினார்கள். அதே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சாதாரணப் பெண்கள் எப்படி அடக்கமாக உடுத்த வேண்டும் என்று துண்டுப்பிரசுரங்களும் வந்தன. ஒரே ஊரில், ஒரே வீதியில், ஒரே காற்சட்டை ஒருத்தியில் வீரம், இன்னொருத்தியில் ஒழுக்கக்கேடு.

நான் பல நாள் யோசித்த இடம் இது. அந்தக் கவுனையும் காற்சட்டையையும் எங்கள் சமூகம் தடையின்றி ஏற்றுக்கொண்டது ஏன்? அவற்றை அந்தப் பெண்கள் தாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை, ஒரு திணைக்களமோ ஓர் இயக்கமோ போடச் சொன்னது. மேலிருந்து கட்டளை வந்தால் முழங்கால் தெரிந்தாலும் பண்பாட்டுக்குப் பழுதில்லை. ஒரு பெண் தன் வேலைக்கும் பாதைக்கும் எது வசதி என்று தானே முடிவெடுத்தால் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய பஞ்சாபியும் பண்பாட்டுக்கு ஆபத்து.

2009 இற்குப் பிறகு இதன் விலையைக் கூடுதலாகக் கொடுத்தவர்கள் புனர்வாழ்வு முடித்து வந்த பெண்கள். வெட்டிய தலைமயிர் வளரும் வரை வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். மயிரையும் நடையையும் பார்த்து ஊரும் அடையாளம் கண்டது, புலனாய்வாளரும் அடையாளம் கண்டார்கள். அவர்களில் ஒருவர் தையல் நிலையமொன்றில் வேலைக்குப் போனபோது, "இனியாவது பொம்பிளைப் பிள்ளை மாதிரி உடுத்துங்கோ" என்று சொன்னார்களாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இதே தர்க்கத்தை நாங்கள் மற்றவர்கள் மீதும் போட்டிருக்கிறோம். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது. 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதற்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது. பாடசாலையின் பாரம்பரியம் சேலை என்பதே வாதம். அபாயா அணிவதைத் தடுப்பது அந்த ஆசிரியைகளின் உரிமை மீறல் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு கருதியது. 2022 பெப்ரவரியில் மீண்டும் அங்கே கைகலப்பு வரை போனது. தமிழ்ச் சமூக ஊடகங்களில் அப்போது எழுதப்பட்டவற்றை நான் வாசித்தேன். தங்கள் மொழியையும் அடையாளத்தையும் அரசு மதிக்கவில்லை என்று எழுபது வருடமாகப் பேசிவரும் எங்கள் ஆட்கள், வகுப்பறையில் கணிதமோ ஆங்கிலமோ படிப்பிக்கும் ஒரு பெண்ணின் அங்கியைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார்கள்.

இரண்டு சம்பவங்களுக்கும் இடையில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து ஒரு மாதம் கடந்த நிலையில், 2019 மே 29 அன்று பொது நிர்வாக அமைச்சு 13/2019 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. ஆண்கள் காற்சட்டையும் சேட்டும் அல்லது தேசிய உடை. பெண்கள் சேலை அல்லது ஒஸரி. குறி யாரை நோக்கியது என்பது எல்லோருக்கும் விளங்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில வாரங்களில் அது திருத்தப்பட்டது. அந்த நாட்களில் தமிழ்த் தரப்பிலிருந்து பெரிதாகக் குரல் எழவில்லை. சேலை எங்களுக்குப் பழக்கமானதுதானே, எங்களுக்கென்ன என்று இருந்துவிட்டோம். அந்தச் சுற்றறிக்கை அப்படியே நிலைத்திருந்தால் கிளிநொச்சியில் வெளிக்களத்துக்குப் போகும் தமிழ் உத்தியோகத்தரின் பஞ்சாபியும் அதோடு போயிருக்கும்.

சேலையை விரும்பிக் கட்டும் ஆசிரியைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கும் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர், சேலை கட்டாவிட்டால் பெடியள் தன்னை மாணவி என்று நினைத்துவிடுவார்கள் என்றார். சேலை அவருக்கு ஓர் அதிகாரத்தைக் கொடுக்கிறது. ஆனால் அவருடன் சேர்ந்து நியமனம் பெற்ற இருபத்தைந்து வயது ஆணுக்கு அந்த அதிகாரம் ஒரு சேட்டோடு வந்துவிடுகிறதே. ஆண்களுக்கும் தொல்லைகள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டுடன் நீதிமன்றத்தில் நிற்கும் சட்டத்தரணியைக் கேட்டுப் பாருங்கள். தாடி வைத்த இளம் ஆசிரியர்களை அதிபர்கள் கூப்பிட்டுக் கண்டிப்பதும் நடக்கிறது. என்றாலும் அவருடைய தாடியில் இனத்தின் மானம் தொங்குகிறது என்று எவரும் சொல்வதில்லை. 2016 இன் ஆரம்பத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் உடைக் கட்டுப்பாடு பற்றிய அறிவித்தல் சர்ச்சையானபோதும் அப்படித்தான். ஆண்களுக்கு விலக்கப்பட்டவை ரி-சேட், தாடி போன்ற சில. பெண்களுக்கு வெள்ளிக்கிழமை என்றொரு நாளே குறிக்கப்பட்டிருந்தது, அன்று சேலை. ஆணிடம் ஒன்றைக் கழற்றச் சொன்னார்கள், பெண்ணிடம் ஒன்றைச் சுமக்கச் சொன்னார்கள்.

ஆண், பெண் இருபாலாருக்கும் "சுத்தமான, கடமைக்குப் பொருத்தமான உடை" என்று ஒரே வரி எழுதினால் போதும். சேலையை விரும்புபவர் சேலையில் வரலாம், அபாயா அணிபவர் அபாயாவில் வரலாம், முப்பது கிலோமீற்றர் ஸ்கூட்டி ஓடுபவர் பஞ்சாபியில் வரலாம். வலயக் கல்விப் பணிமனை உத்தியோகத்தர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நீங்கள் சொல்லுறது சரி தங்கச்சி, ஆனால் பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டினம்" என்றார். பெற்றோரிடம் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லையாம்.

கேட்டுப் பார்ப்போம் என்று அந்தப் பாடசாலை வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட வந்த தாய்மார் நால்வரிடம் நான் கேட்டேன். இருவர் சேலைதான் அழகு என்றனர். ஒருவர், ரீச்சர் நேரத்துக்கு வந்தால் போதும் என்றார். நான்காமவர் கணவனை இழந்தவர், கூலி வேலைக்குப் போகிறவர். பாடசாலைக் கூட்டத்துக்குச் சேலையோடுதான் வர வேண்டும் என்பதால் சென்ற தவணை தான் கூட்டத்துக்கே வரவில்லை என்றார். இருந்த ஒரு நல்ல சேலையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாராம்.

நான் போன அன்றும் என் தோழி கோட்டுக்குக் கீழேதான் கையொப்பமிட்டார். அந்த மாதத்தில் அது நான்காவது தடவை. காரணம் எழுதும் இடத்தில் "வாகனத் தாமதம்" என்று எழுதினார். உண்மையை எழுதினால் என்ன என்று கேட்டேன். "சாறி கட்டப் பிந்திப்போச்சு எண்டு எழுதலாமே அக்கா? விடியக் கொஞ்சம் வெள்ளன எழும்பினால் என்ன எண்டுதான் கேப்பினம்" என்றார். அவர் எழும்புவது நாலு மணிக்கு.