ஊசி போட்ட பிறகு என்ன?



தலை பின்னக் கை பின்னால் போகவில்லை, பரணிலிருந்து அண்டாவை இறக்க முடியவில்லை, அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் நடுராத்திரியில் வலி எழுப்பிவிடுகிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் எழுதும் கடிதங்களில் தோள்பட்டை வலி அடிக்கடி வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: “ஊசி போட்டுக்கொள்ளலாமா, பிசியோதெரபி போதுமா?”

தோள் மூட்டை நான்கு தசைகளின் தசைநாண்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. மருத்துவர்கள் இதை ‘ரொட்டேட்டர் கஃப்’ என்பார்கள். வயதும், கையை உயர்த்திச் செய்யும் வேலையும், சர்க்கரை நோயும் இந்தத் தசைநாண்களை நலியச் செய்கின்றன. அங்கே போடும் ஸ்டீராய்டு ஊசி வலியைத் தணிக்கும். நலிந்த தசைநாணைப் பலப்படுத்தாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் இன்னும் பலவீனமாக்கவும் கூடும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறும். அதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 708 பேரிடம் நடத்திய ‘கிராஸ்ப்’ ஆய்வு 2021-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. சிலருக்கு ஊசி போட்டார்கள், சிலருக்குப் போடவில்லை. எட்டாவது வாரத்தில் ஊசி போட்டவர்கள் சற்றே முன்னால் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் அந்த வித்தியாசம் இல்லை.

அந்த ஆய்வில் என்னை நெகிழ வைத்தது இன்னொரு முடிவு. ஒரு பிரிவினர் நான்கு மாதங்களில் ஆறு முறை வரை பிசியோதெரபிஸ்டிடம் போனார்கள். மற்றவர்கள் ஒரே ஒரு முறை போய், பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்தார்கள். ஓராண்டு கழித்து இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். பஸ் பிடித்து டவுனுக்குப் போய், அரைநாள் கூலியையும் இழந்து, ஒவ்வொரு சிட்டிங்குக்கும் பணம் கட்ட முடியாமல் பாதியில் விட்டவர்களுக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்? ஒரு முறை போனாலும் போதும். நன்றாகக் கற்றுக்கொண்டு வர வேண்டும்.

‘கரண்ட் வைத்துக்கொண்டு’ வருவதை மட்டுமே பிசியோதெரபி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதனால் அப்போதைக்கு இதமாக இருக்கலாம், ஆனால் தோளுக்குப் பலம் தருவது பயிற்சிதான். அதற்குப் பொறுமை தேவை. பலன் தெரியவே மூன்று மாதம் ஆகலாம். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கமே இல்லாமல் வலியில் தவிப்பவரால் பயிற்சியைத் தொடங்கவே முடியாது. அவருக்கு ஊசி சில வார அவகாசம் தரும். வலி குறைந்துவிட்டது என்று அந்த வாரங்களைச் சும்மா கழித்துவிடுவதுதான் வீண். ஸ்கேனில் ‘கிழிசல்’ என்று எழுதியிருந்தாலும் உடனே கலங்க வேண்டாம். அறுபதைக் கடந்த பலருக்கு வலியே இல்லாமலும் அது இருக்கும்.

ஆனால் விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாவிட்டாலோ, தோள் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காதீர்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால், அதை வாய்வுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த முறை தோள் வலிக்காக மருத்துவரிடம் போனால், ஊசி போட்டுக்கொண்டாலும் இல்லாவிட்டாலும், “நான் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி என்ன?” என்று கேளுங்கள். அவர் முன்னால் ஒரு முறை செய்து காட்டிவிட்டு வீடு திரும்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்