பகிடிக்குப் புள்ளியிடலாமோ?

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனச் சங்கச் செயலாளர் கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் நாவலர் பெருமானின் வசனநடை பற்றியோ சங்கச் செய்யுள் பற்றியோ எழுதுவோம் என்றே அவர் எண்ணியிருப்பார். அவை பற்றி எழுத வல்லார் பலர் உளர். நாமோ பகிடி விடுதல் பற்றி எழுதத் துணிந்தோம். பகிடிதானே என்று தள்ளிவிடாது அன்பர்கள் இறுதிவரை படிக்க வேண்டுகின்றோம். இதில் எமது பிழையொன்றும் அடங்கியுள்ளது.

2023ஆம் ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணமொன்றுக்காக இலண்டன் சென்றிருந்தோம். ஆங்கு வாழும் பழைய மாணவர் ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, மதுச்சாலையொன்றின் மேன்மாடிக்கு எம்மை அழைத்துச் சென்றார். (புருவம் உயர்த்தும் அன்பர்கட்கு: நாம் அருந்தியது தோடம்பழச் சாறு.) முப்பது நாற்காலிகள், ஒரு சிறு மேடை, ஓர் ஒலிவாங்கி, இவ்வளவே அவ்வரங்கு. பெயர் கொடுத்தவர் எவரும் மேடையேறலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். நேரம் முடியுந் தறுவாயிற் பின்சுவரிற் செவ்விளக்கு ஒன்று எரியும். வேடமில்லை, துணைநடிகர் இல்லை, பக்கவாத்தியமும் இல்லை. தனியொருவர் நின்றுகொண்டு சொல்லாலேயே சிரிக்கவைத்தல் வேண்டும். இக்கலையை 'ஸ்ராண்ட் அப் கொமெடி' என வழங்குகின்றனர்.

அன்றிரவு பன்னிருவர் ஏறினர். தொழிலாற் சிரிப்பூட்டுபவர் அவருள் எவருமிலர். பகலில் வேறு வேலை பார்ப்பவர்களே எல்லாரும். தபாற் சேவகர் ஒருவர் தமது வீட்டுக் கிழநாய் பற்றிப் பேசினார். முதல் இரண்டு நிமிடமும் எவரும் சிரித்திலர். எத்துணையோ பரிசளிப்பு விழாக்களில் நாம் அமர்ந்திருக்கின்றோம். அத்துணைக் கனத்த மௌனத்தை எங்கும் அறிந்திலோம். அவருக்கு வியர்த்தது, பார்த்திருந்த எமக்கும் வியர்த்தது. பின்னர் ஓரிடத்திற் சிரிப்பு எழுந்தது, உடனே அவிந்தது. செவ்விளக்கு எரிய, அவர் இறங்கினார்.

நாம் எழுதப் புகுந்தது அதன் பின்னர் நிகழ்ந்தது பற்றியே. படிக்கட்டின் அடியில் அவரைச் சூழ நால்வர் நின்றனர். அவர்களும் அன்று பேசியவர்களே. "நாய் தன் பெயரை மறந்த இடத்தில் அவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். நீர் பொறுக்காமல் அடுத்த வசனத்தைச் சொல்லி அந்தச் சிரிப்பை மிதித்துவிட்டீர்" என்றார் ஒருவர். "கடைசியிற் சொன்னதை முதலிற் சொல்லும், நாய் உமது என்பது எங்களுக்கு நெடுநேரம் விளங்கவில்லை" என்றார் ஒரு பெண். 'அற்புதம்' என்று எவரும் சொல்லவில்லை. 'உமக்கு இது வாய்க்காது' என்றும் எவரும் சொல்லவில்லை. அவர் ஒரு சிறு கொப்பியிற் குறித்துக்கொண்டார். தமது பேச்சைக் கைத்தொலைபேசியில் முழுதும் பதிவுசெய்துமிருந்தார். சிரிப்பு எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்பதை வீடு சென்று கேட்பாராம். அடுத்த கிழமையும் வருவதாகச் சொல்லிப் போனார்.

இத்தகைய அரங்குகளின் வரலாறு நீண்டதன்று. நியூயோர்க்கில் 'இம்புரோவ்' 1963இலும், லொஸ் ஏஞ்சலிசில் 'கொமெடி ஸ்ரோர்' 1972இலும், அதே பெயருடைய மற்றொன்று இலண்டன் சோஹோவில் 1979இலும் தோன்றின. இலண்டன் அரங்கின் தொடக்க நாள்களில், பேச்சுப் பிடிக்காவிடின் அவையோர் கூச்சலிடுவர். உடனே சேகண்டி அடித்துப் பேசுபவரை இறக்கிவிடுவர். அச்சேகண்டிக்கெனவே அங்குப் பின்னாளிலும் தனியிரவு ஒதுக்கினர். ஐந்து நிமிடம் தாக்குப்பிடிப்பதே அவ்விரவில் வெற்றி. பிழைபட்ட புலவரின் செவியை அறுத்தார் என்று வில்லிபுத்தூரார் பற்றிக் கதை சொல்லும் நாம், இச்சேகண்டியைக் கொடுமை என்று சொல்லுதற்கு உரிமையுடையோம் அல்லேம். ஆயினும் எமக்குச் சேகண்டி உடன்பாடன்று. அது பிழை உண்டென்று சொல்லுமேயன்றிப் பிழை எதுவென்று சொல்லாது. படிக்கட்டின் அடியில் நின்ற அந்நால்வரே எம் மனத்திற் பதிந்தனர்.

புகழின் உச்சிக்குச் சென்றவர்க்கும் இந்தச் சிற்றரங்கு வேண்டியிருக்கின்றது. ஜெரி சைன்பெல்ட் என்பார் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பெரும்புகழ் ஈட்டியபின், தம் பழைய பகிடிகள் யாவற்றையும் கைவிட்டுப் புதியன ஆக்கப் புகுந்தார். 2002இல் வெளியான 'கொமெடியன்' என்னும் விவரணப்படம் அம்முயற்சியைக் காட்டுவது. அத்துணைப் பெரியவர் சிற்றரங்கொன்றில் நின்று, அடுத்த சொல் வராது தடுமாறுகின்றார். அவர் பெயருக்குக் கைதட்டிய அவை, அவர் பகிடிக்குச் சிரிக்கவில்லை.

எமக்கு அணித்தான சான்று ஒன்றும் உண்டு. ரொமேஷ் ரங்கநாதன் 1978இல் இங்கிலாந்தின் குரோலி நகரில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர். நகைச்சுவையைத் தொழிலாகக் கொள்ளுமுன் பாடசாலையிற் கணிதம் கற்பித்தவர். 2015இல் பிபிசி வெளியிட்ட தொடரொன்றுக்காக இலங்கை வந்து, பெற்றோர் பிறந்த நாட்டில் தாம் அந்நியராய்த் திண்டாடுவதையே நகைப்பொருளாக்கினார். நகைக்கு நிலைக்களங்களாகத் தொல்காப்பியர் கூறும் நான்கனுள் எள்ளலும் ஒன்று. அது பிறரை எள்ளித் தான் நகுவதும், பிறர் தன்னை எள்ளத் தான் நகுவதும் என இருவகைப்படும் என்பர் பேராசிரியர். இரண்டாவது வகையே அரிது. மேடையில் நிலைப்பதும் அதுவே என்பது எம் கருத்து.

எம்மவர்க்கு இக்கலை புதிதோ? அன்று. கரவெட்டியிற் பிறந்து 2014இற் கனடாவில் மறைந்த கே. எஸ். பாலச்சந்திரன், 'அண்ணை றைற்' என்னும் தனிநடிப்பில் யாழ்ப்பாணத்து பஸ் கொண்டக்டர் ஒருவரை எம் கண்முன் நிறுத்தினார். கேட்டவர் வயிறு குலுங்கச் சிரித்தனர். அந்தக் கொண்டக்டர் செந்தமிழ் பேசியிருப்பின் எவர் சிரித்திருப்பார்? இதனை நன்கறிந்திருந்தும் நாம் செய்த பிழையை இனிச் சொல்கின்றோம்.

2012ஆம் ஆண்டு நாம் வேறொரு பாடசாலையிற் கற்பித்தோம். வெள்ளிக்கிழமை மாணவர் மன்றத்திற் பத்தாந்தரப் பையன் ஒருவன் தானாகவே எழுந்து தன் வீட்டுச் சைக்கிள் பற்றிப் பேசினான். தகப்பன், தமையன், தான் ஆகிய மூவர்க்கும் ஒரே சைக்கிள். "எங்கட வீட்டிலை உத்தியோகம் கூட ஆருக்கெண்டால் சைக்கிளுக்குத்தான். அதுக்கு லீவும் இல்லை, பென்சனும் இல்லை" என்றான். வகுப்புக் கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம், வாயை மூடிக்கொண்டு சிரித்தோம்.

பின்னர்க் கருத்துரை கூற எழுந்தோம். பயிற்சிக் கலாசாலையிற் கற்றவற்றை மறவாத ஆசிரியரன்றோ நாம்! 'எங்கட' கொச்சை, 'எங்களுடைய' என்க, 'வீட்டிலை' பிழை, 'வீட்டில்' என்க, அவைவணக்கம் கூறவில்லை, கைகள் காற்சட்டைப் பையில் இருந்தன, முடிவுரை இல்லை. இங்ஙனம் ஐந்து பிழைகள் எடுத்துக்காட்டினோம். ஒவ்வொன்றும் உண்மை. பையன் "ஓம் சேர்" என்று அமர்ந்தான். அதன்பின் அவன் எழுந்து பேசியதை நாம் கண்டிலோம்.

2022இல் ஒரு கலியாண வீட்டிற் பந்தியில் அவனைச் சந்தித்தோம். வங்கியொன்றிற் பணிபுரிகின்றான். நாம் சொன்ன ஐந்து பிழைகளையும் வரிசை மாறாது ஒப்புவித்தான், குறைகூறுதற்கன்று, சிரித்துக்கொண்டே. "தம்பி, அந்தச் சைக்கிள் பகிடியை இன்னொருக்காற் சொல்லும்" என்றோம். சற்று யோசித்தான். "அது மறந்துபோச்சு சேர்" என்றான்.

எமது பாடசாலை மேடைகளில் உச்சரிப்புக்கு இத்தனை புள்ளி, அபிநயத்துக்கு இத்தனை புள்ளி என்று நடுவர் கையிற் பத்திரம் இருக்கின்றது. பேச்சை எழுதுபவர் ஆசிரியர், மனனஞ் செய்பவன் மாணாக்கன், கைதட்டுபவர் பெற்றோர். எவனும் தோற்பதற்கு அங்கு இடமில்லை. ஆதலாற் கற்பதற்கும் இடமில்லை. சிரிப்போ கடன்பட்டு வாங்கக்கூடியதன்று. வரின் வரும், வராவிடின் வராது; அந்நேர்மை வேறெந்த நடுவரிடமும் இல்லை.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கின்றோம். தவணைக்கு ஒரு மாலை, சிறு வகுப்பறையொன்றில், விரும்பிய மாணாக்கர் ஐந்து நிமிடம் பகிடி பேசட்டும். புள்ளியும் வேண்டா, கேடயமும் வேண்டா. எழுத்துப் பிரதியை ஆசிரியர் திருத்தவும் வேண்டா. பேசி முடிந்தபின் எங்கே சிரித்தோம், எங்கே மனம் அலைந்தது என்பதை உடன்மாணாக்கர் சொல்லட்டும். ஆசிரியர் கடைசியிற் பேசுக. அதுவும் ஒன்றே ஒன்று.

ஒழுக்கங் கெடும் என அஞ்சுவார் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. உடற்குறை, சாதி, வறுமை, ஊர்ப்பேச்சு ஆகியவற்றைக் கொண்டு மெலியாரை எள்ளுதல் பகிடியாகாது. அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது. ஆனால் ஆசிரியரைப் பகிடி பண்ணுவார்களே என்பதே அச்சமாயின், பண்ணட்டும். அவர்கள் இப்பொழுதும் பண்ணுகிறார்கள். நாம் இல்லாத இடத்திற் பண்ணுகிறார்கள், அவ்வளவே.

மண்டபத்துக்கு ஓடும் நூலகத்துக்கு அலுமாரியும் தந்த அன்பர்களிடம் இம்முறை பணம் கேட்கவில்லை. உபசாரத்துக்குக் கைதட்டாத முப்பது பேர் வந்து அமர்ந்தாற் போதும். முதற் கூட்டத்தில் முதலில் ஏறுவதாக நாமே வாக்களித்திருக்கின்றோம். கொப்பி திருத்துதல் பற்றி ஐந்து நிமிடப் பேச்சொன்று ஆயத்தம் செய்து, சென்ற ஞாயிறு வீட்டிற் பேசிக் காட்டினோம். இல்லாள் இறுதிவரை பொறுமையுடன் கேட்டபின், இதில் எந்த இடத்திற் சிரிக்கவேண்டும் என்று கேட்டாள். அவ்விடத்தைத் தேடிக்கொண்டிருக்கின்றோம்.