ஹாஸ்யச் சித்திரத்துக்கு வாரிசு கிடையாது

தமக்குப் பின் தம் சித்திரப் பாத்திரத்தை வேறு எவரும் வரைய வேண்டாம் என்று உயிரோடிருந்த காலத்தில் பகிரங்கமாகவே சொல்லிவிட்டுப் போன ஒரு கலைஞரின் வார்த்தையை, அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்ததும், ஒப்பந்தக் காகிதத்தைக் காட்டி ஒதுக்கிவிடலாம் என்று பெல்ஜியத்தின் துப்புயி பிரசுராலயம் தீர்மானித்தது. அந்தக் கலைஞர் ஆந்த்ரே ஃபிராங்கேனின் மகள் இஸபெல் ஆட்சேபித்தார். விவகாரம் நடுவரிடம் போயிற்று. உரிமை விற்கப்பட்டுவிட்டது, ஆகவே பிரசுரிக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. 2023 நவம்பரில், கனடாக்காரரான டெலாஃப் வரைந்த, காஸ்தோன் என்ற அந்தப் பாத்திரத்தின் புதிய ஆல்பமும் கடைக்கு வந்துவிட்டது. ஐரோப்பியப் பத்திரிகைகளில் பலர் இதைச் சொத்துத் தகராறு என்ற அளவிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். ஹாஸ்யச் சித்திரம் என்பது என்ன, அதன் ஜீவன் எங்கே இருக்கிறது என்று அறியாதவர்களால்தான் இதை அப்படிப் பேசி முடிக்க இயலும்.

1957 பிப்ரவரியில் ‘ஸ்பிரூ’ வாரப் பத்திரிகையின் பக்கத்தில், இன்ன வேலைக்கு வந்தோம் என்று தனக்கே தெரியாமல் வந்து நின்றவன் காஸ்தோன். இடுப்பை எட்டாத பச்சைக் கம்பளிச் சட்டையும், கயிற்றடிச் செருப்பும், கூனிய முதுகுமாக, அந்தப் பத்திரிகையின் அலுவலகத்திலேயே கோப்புக் குவியல்களின் மேல் தூங்குகிறான். விபரீதமான யந்திரங்களைக் கண்டுபிடிக்கிறான். பெரும் ஒப்பந்தமொன்றில் கையெழுத்திட வரும் தெ மேஸ்மேக்கர் என்ற செல்வந்தரை ஒவ்வொரு தடவையும் கோபாவேசத்தோடு திரும்பிப்போக வைக்கிறான். இந்தச் சுருக்கத்தைப் படித்து ஒருவரும் சிரிக்கப்போவதில்லை. அந்த முதுகின் வளைவிலும், முழங்கால் தொய்வதிலும், சேதமான ஒரு சாமான் காற்றில் சிதறும் கோட்டின் வேகத்திலும் அல்லவா சிரிப்பு இருக்கிறது! பிற்காலத்துப் பக்கங்களின் கீழ்மூலையைப் பாருங்கள்: அந்தப் பக்கத்தில் என்ன விபத்து நேர்ந்ததோ அதற்கு ஏற்றபடி ஃபிராங்கேன் என்ற கையெழுத்தே உருமாறி, இன்னொரு சிறு ஹாஸ்யமாகி நிற்கும். தம் கையெழுத்தைக்கூட அந்தந்தப் பக்கத்துக்கென்று புதிதாக வரைந்த ஒருவரின் ஸ்தானத்தில் மற்றொருவரை உட்கார்த்திவைக்க அந்தப் பிரசுராலயத்துக்கு எப்படி மனம் வந்தது?

சாகசச் சித்திரக்கதையின் ஸ்வபாவம் வேறு. ராணி காமிக்ஸ் வாசகர்கள் மாயாவி என்று அறிந்திருந்த அந்த முகமூடி வீரரை ரே மூர், வில்சன் மெக்காய், சை பேரி என்று ஒருவர்பின் ஒருவராகப் பலர் வரைந்தார்கள். கதை தன் போக்கில் நடந்தது. ஹாஸ்யத்தில் கை மாறினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். வால்ட் டிஸ்னியின் பெயரிலேயே வெளிவந்த வாத்துக் கதைகளில் கார்ல் பார்க்ஸ் என்ற பெயர் நெடுங்காலம் அச்சாகவே இல்லை. ஆயினும் அமெரிக்கச் சிறுவர்கள் அவருடைய கோட்டைப் பிரித்தறிந்து, நன்றாக வாத்து வரைகிறவர் என்று அவருக்கு ஒரு பெயரையும் தாங்களாகவே வைத்துக்கொண்டார்கள்.

இந்த விஷயத்தில் நான் மீண்டும் மீண்டும் நினைத்துக்கொள்ளும் எண் ஒன்று உண்டு: 17,897. சார்லி பிரவுன் என்ற சிறுவனையும் ஸ்னூப்பி என்ற நாயையும் கொண்டு சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த ‘பீநட்ஸ்’ சித்திரத் துணுக்குகளின் மொத்தத் தொகை அது. 1950 அக்டோபர் 2 முதல் 2000 பிப்ரவரி 13 வரை, ஏறக்குறைய நாளுக்கு ஒன்று என்ற கணக்கில், பென்சில் கோடு, மைக் கோடு, வசன எழுத்து எல்லாவற்றையும் உதவியாளர் எவருமின்றித் தம் ஒரே கையால் அவர் செய்து முடித்தார். உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் வாங்கிய சரக்கு அது, பத்து உதவியாளர்களை அமர்த்திக்கொள்ள வேண்டிய செல்வம் அவரிடம் இருந்தது, அமர்த்தவில்லை. பிற்காலத்தில் கை நடுங்கத் தொடங்கியபோது, அந்த நடுக்கம் சார்லி பிரவுனின் வட்டத் தலையிலும் தெரிந்தது. வாசகர்கள் அதையும் சேர்த்தே நேசித்தார்கள். அவர் பிப்ரவரி 12 அன்று காலமானார். கடைசி ஞாயிற்றுக்கிழமைத் துணுக்கு மறுநாள் வெளிவந்தது. அவர் விருப்பப்படி, 17,898 ஆவது துணுக்கை இன்றுவரை யாரும் வரையவில்லை. ஷுல்ஸின் குடும்பத்தாருக்கு இருந்த மரியாதை துப்புயிக்கு இல்லாமற்போனதற்குப் பணத்தைத் தவிர வேறு காரணத்தை என்னால் காண இயலவில்லை.

ஆஸ்டெரிக்ஸ் தொடரவில்லையா என்று கேட்பார்கள். 2013இல் கொன்ராடும் ஃபெர்ரியும் அதைத் தொடர்ந்தபோது அதை வரைந்துவந்த உடெர்ஸோ உயிரோடிருந்தார், சம்மதம் தந்தார்; வேண்டாம் என்று சொன்னவரின் விஷயத்துக்கு அது எப்படி முன்மாதிரியாகும்? மோரிஸ் மறைந்த பின்னும் லக்கி லுக் வந்துகொண்டிருக்கிறதே, சிவகாசியிலிருந்து தமிழில்கூட வாங்கிப் படிக்கிறார்களே என்பார்கள். விற்பனையாவதெல்லாம் நியாயம் என்று வாதிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. புதிய தலைமுறைக்கு அறிமுகம் செய்கிறோம் என்பது இன்னும் பலவீனமான வாதம். அறிமுகம் செய்ய ஃபிராங்கேன் வரைந்த நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன, அவற்றை மறுபதிப்புச் செய்தால் போதும். 1983இல் மறைந்த எர்ழேயின் விருப்பப்படி டின்டினுக்குப் புதுக்கதை எழுதப்படவில்லை. முடிவுறாத கடைசிக் கதையை 1986இல் பென்சில் குறிப்புகளாகவே அச்சிட்டார்கள். அதனால் டின்டினை இளைஞர்கள் மறந்துவிட்டார்களா?

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமும் காஸ்தோன் தோன்றிய அதே 1957இல் இயற்றப்பட்டதுதான். உரிமையை விற்ற பிறகும், தம் கௌரவத்துக்குக் குறைவு வரும்படி படைப்பு சிதைக்கப்படுமானால் அதைத் தடுக்கும் தனி உரிமையை அதன் 57ஆம் பிரிவு ஆசிரியனுக்கு வழங்குகிறது. வாரிசுகளும் அதைக் கோரலாம். ஆனால் மறைந்தவரின் பாணியில் புதுப்படம் வரைவதும் சிதைவுதான் என்று அது வாய்விட்டுச் சொல்லவில்லை. நாளை ஒரு வியாபாரி, கோபுலுவின் வசனமில்லாத நகைச்சுவைப் படங்களை வேறொரு கையால், அல்லது கையே இல்லாத ஒரு யந்திரத்தால், தொடரப்போகிறேன் என்று கிளம்பினால் நாம் எந்தப் பிரிவைக் காட்டி மறிப்போம்? கலைஞன் எழுத்துமூலம் சம்மதம் தந்தாலன்றி, அவன் மறைவுக்குப் பின் அவனுடைய ஹாஸ்யப் பாத்திரத்தைப் புதிதாக வரைதல் கூடாது என்று 57ஆம் பிரிவில் வெளிப்படையாக ஒரு வாசகம் சேர்க்கப்பட வேண்டும். அது வரும்வரை, இத்தகைய புத்தகங்களை வாசகர்கள் வாங்காமலிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.