நாற்பது வயதில் தொழில் கற்கக் கூடாதா?

பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பிப்போர் 21 வயது நிரம்பியவராகவும் 24 வயதைக் கடக்காதவராகவும் இருக்க வேண்டும் என்று, 2024 அக்டோபரில் அதன் முன்னோட்டக் கட்டம் தொடங்கியபோது விதிக்கப்பட்ட வரம்பு, ஆலைகள் மூடப்பட்டு நடுவயதில் வேலையிழந்தோர் நிறைந்திருக்கும் புதுச்சேரி போன்ற ஊருக்கு இழைக்கப்பட்ட அநீதியாகும். அந்த வரம்பில் ஓராண்டைக் கூட்டலாமா, சில ஆண்டுகளைக் குறைக்கலாமா என்ற அளவில் நடக்கும் பேச்சு எதுவும், முப்பத்தைந்தைத் தாண்டிய பின் கணினித் தொழில்நுட்பத்துக்கு மாற விரும்பும் ஒருவருக்குப் பயன் தரப்போவதில்லை. வயது முதிர்ந்தோருக்குத் தொழில் கற்கும் தேவையே இல்லை என்ற எண்ணம் அந்த விதியின் அடியில் இருக்கிறது; அந்த எண்ணத்தையே கேள்விக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது.

உள்ளகப் பயிற்சி என்பது, வகுப்பறையில் கற்றதையோ சொந்த முயற்சியில் கற்றதையோ ஒரு நிறுவனத்துக்குள் குறிப்பிட்ட காலம் இருந்து, அங்குள்ளோரின் மேற்பார்வையில் வேலையாகச் செய்து பழகும் ஏற்பாடாகும். நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களில் ஐந்தாண்டுகளில் ஒரு கோடிப் பேருக்கு 12 மாதப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை, தொடக்கத்தில் ஒருமுறை 6,000 ரூபாய் என்று 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தின் நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. குறை, அதன் வாசலில் நிறுத்தப்பட்ட காவலில் இருக்கிறது.

மென்பொருள் துறையில் இத்தகைய பயிற்சிக்கு மாற்றே கிடையாது என்பதை அத்துறையில் இருப்போர் அனைவரும் அறிவர். பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியை ஆறு மாதம் வீட்டிலிருந்தே கற்றுவிட முடியும். ஆனால், பத்துப் பேர் சேர்ந்து எழுதிய பல்லாயிரம் வரி நிரலுக்குள் நுழைந்து, தன் மாற்றம் பிறர் எழுதியதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதையும், யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ என்ற கருவியைக் கையாளுவதையும், ‘கோட் ரிவ்யூ’ எனப்படும் சக நிரலாளரின் மதிப்பாய்வில் தன் பிழை சுட்டப்படும்போது அதை அவமானமாகக் கொள்ளாமல் திருத்திக்கொள்வதையும் இணையப் பாடம் மட்டுமே முழுமையாகப் பழக்கிவிடுவதில்லை. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான குழுத்தலைவர் ஒருவர் தன் வேலையைத் திருப்பி அனுப்புவதை ஏற்றுப் பழகுவது, இருபது ஆண்டு வேறொரு தொழிலில் மூத்தவராக இருந்தவருக்கு எளிதன்று. அந்தப் பழக்கம் கைவந்த பிறகே அவர் உண்மையில் தொழில் மாறியவர் ஆகிறார். அதற்குத் தேவைப்படும் சில மாதங்களைத்தான் இந்த வயது வரம்பு மறுக்கிறது.

அவர் வெறுங்கையுடன் வருவதும் இல்லை. நூற்பாலையில் நூல் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து அது எந்த இயந்திரத்தின் கோளாறு என்று பின்னோக்கிச் சென்று காரணம் தேடியவருக்கு, மென்பொருளைப் பயனருக்கு முன்பே இயக்கிப் பார்த்துப் பிழை தேடும் ‘டெஸ்டிங்’ வேலையின் அடிப்படை மனப்பாங்கு ஏற்கெனவே அமைந்திருக்கிறது. நேரு வீதிக் கடையொன்றில் இருபது ஆண்டு கணக்கெழுதியவருக்கு, பேரேட்டில் பொருந்தாத ஒரு தொகை எங்கே ஒளிந்திருக்கும் என்பது தெரியும்; தரவுப் பகுப்பாய்வில் இளைஞர்கள் தடுமாறும் இடமும் அதுவே. பிரெஞ்சு மொழியைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்துவரும் இந்த நகரில், ஒரு செயலியின் சொற்களை வேற்று மொழிப் பயனருக்கு ஏற்ப மாற்றியமைக்கும் உள்ளூர்மயமாக்கல் வேலைக்குத் தகுதியான நடுவயது ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

இங்கே புதுச்சேரியின் ஆலை வரலாற்றைச் சற்று விரிவாகவே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஏனெனில், தில்லியில் எழுதப்படும் கோப்பானாலும் கடற்கரைச் சாலைத் தலைமைச் செயலகத்தில் எழுதப்படும் கோப்பானாலும், ஒன்றியப் பிரதேசமான இந்த ஊரில் இறுதி முடிவு ஒரே அதிகாரச் சங்கிலியில்தான் எடுக்கப்படுகிறது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்து, அதன் விளைவாக மறு ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கிய ஊர் இது. அந்த ஊரில் 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. பஞ்சாலை, 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயலில் சிதைந்தது. இயந்திரங்களை முழுமையாகச் சீரமைத்து ஓட்டவும் இல்லை, கணக்கை முடித்துத் தொழிலாளரை விடுவிக்கவும் இல்லை. ‘லே-ஆஃப்’ என்ற பெயரில், அதாவது வேலை தராமல் வேலையிலும் வைத்திருக்கும் நிலையில், பாதிச் சம்பளத்துடன் அவர்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டில் அமர்த்தப்பட்டார்கள். 2020 ஏப்ரல் 30 உடன் ஆலை முறைப்படி மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளின் கதையும் வேறாக இல்லை. ஒன்றிய அரசின் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கையிலிருந்து 2005இல் புதுச்சேரி அரசின் கைக்கு மாறிய அவை, கை மாறியதால் எந்த உயிர்ப்பும் பெறாமல் மூடப்பட்டன.

இருபது வயதில், 1995இல் ஏ.எஃப்.டி.யில் சேர்ந்த ஒருவருக்கு ஆலை மூடியபோது வயது 45. ஓய்வு பெறும் வயதுக்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. பாதிச் சம்பளம் கொடுத்துச் சும்மா உட்கார வைத்த அந்த ஆண்டுகளில் அவருக்கும் அவருடைய சக தொழிலாளருக்கும் ஒரு தொழிற்பயிற்சியை ஏற்பாடு செய்திருந்தால், அரசுக்குக் கூடுதலாக ஆகியிருக்கும் செலவு பயிற்றுநரின் ஊதியமும் ஒரு கூடமும் மட்டுமே. மனித உழைப்பின் மிக நல்ல ஆண்டுகளைப் பணம் கொடுத்து வீணாக்கிய அதே அதிகார மனம், இன்று தொழில்நுட்பப் பயிற்சிக்கு வழி வகுக்கும்போது அந்த மனிதரைப் பார்த்து ‘உமக்கு வயதாகிவிட்டது’ என்கிறது. அந்த வயதை அவர் எங்கே, யாருடைய முடிவுக்காகக் காத்திருந்து கழித்தார் என்பதைக் கேட்பவர் இல்லை.

இடம் போதவில்லை என்று வாதிட்டாலும் ஏற்பதற்கில்லை. முன்னோட்டக் கட்டத்தின் முதல் சுற்றில் நிறுவனங்கள் முன்வைத்த இடங்கள் 1.27 லட்சம், வழங்கப்பட்ட அழைப்புகள் 82 ஆயிரத்துக்கு மேல், பயிற்சியில் உண்மையில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 8,700 பேர். 2024-25ஆம் ஆண்டுக்கு முதலில் ஒதுக்கப்பட்ட 2,000 கோடி ரூபாய், திருத்திய மதிப்பீட்டில் 380 கோடியாகச் சுருங்கியது. பந்தியில் இலைகள் போட்டபடியே கிடக்க, பசியோடு வந்தவரை வாசலிலேயே பிறந்த ஆண்டைக் கேட்டுத் திருப்பி அனுப்பும் நிர்வாகத்தை நிர்வாகம் என்று எப்படி அழைப்பது? பெற்றோரோ வாழ்க்கைத் துணையோ நிரந்தர அரசு ஊழியராக இருந்தால் விண்ணப்பிக்க முடியாது என்ற நிபந்தனையும் சேர்ந்துகொண்டதால், புதுச்சேரியில் 24 வயதுக்கு உட்பட்டோரிலும் பலர் விலக்கப்பட்டார்கள் என்பது தனியே பேச வேண்டிய செய்தி.

வேறு வாசல்களும் அடைபட்டே இருக்கின்றன. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் குறைந்தபட்ச வயதாக 14ஐக் குறிப்பிடுகிறதேயன்றி மேல்வரம்பு எதையும் விதிக்கவில்லை. ஆனால் அச்சட்டத்தின்கீழ் உதவித்தொகையில் ஒரு பங்கை ஒன்றிய அரசு ஏற்கும் தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம், 35 வயதோடு கையை விரித்துவிடுகிறது. சட்டம் திறந்து வைத்த கதவை விதிமுறை சாத்துகிறது. இதைப் பார்த்துப் பழகிய தனியார் நிறுவனங்களும், ‘பாஸ் அவுட் ஆண்டு’ எனப்படும் பட்டம் பெற்ற ஆண்டைக் கேட்டே விண்ணப்பங்களை வடிகட்டுகின்றன. 1999இல் பட்டம் பெற்று 2024இல் நிரலெழுதக் கற்றவரின் விண்ணப்பத்தை எவரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று சொல்லித் தப்பவும் இயலாது. கட்டற்ற மென்பொருள், அதாவது எவரும் படித்து மாற்றிப் பகிரத்தக்க நிரல்களை உருவாக்கும் திட்டங்களில் புதியவர்களைப் பழக்குவதற்கு 2005இல் மாணவர்களுக்கென்று தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோட், 2022 முதல் மாணவரல்லாதாருக்கும் திறந்துவிடப்பட்டது. 18 வயது நிரம்பியிருந்தால் போதும், மேல்வரம்பு கிடையாது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், 40 வயதைத் தொட்ட ஒவ்வொரு குடிமகனுக்கும் பயிற்சிக் கட்டணத்துக்காக 4,000 வெள்ளியை 2024இல் அரசு தனியே ஒதுக்கியது. முழுநேரமாகப் படிக்கச் செல்வோருக்குக் குடும்பம் நடத்த மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகையும் 2025இல் சேர்ந்தது. நம் நாட்டிலேயே டாடா குழுமம், பணியிலிருந்து இடைவெளி எடுத்த பெண்கள் மீண்டும் வேலைக்குத் திரும்புவதற்கான திட்டத்தை 2008இலேயே தொடங்கியிருந்தது. ஒரு தனியார் குழுமம் அன்றே உணர்ந்ததை, பதினாறு ஆண்டு கழித்துப் புதிய திட்டம் தீட்டியவர்கள் உணரவில்லை என்பது வெறும் கவனக்குறைவாகத் தெரியவில்லை.

கவனக்குறைவு என்று ஒதுக்க முடியாதபடி, வயதையும் காலத்தையும் பொருட்படுத்தாத இந்தப் போக்குக்குப் புதுச்சேரியில் நீண்ட தொடர்ச்சி இருக்கிறது. சேதராப்பட்டு, கரசூர்ப் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமையும், இளைஞர்களுக்கு ஆயிரக்கணக்கில் வேலை கிடைக்கும் என்று சொல்லி ஏறத்தாழ 750 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் வேலை தேடும் வயதுக்கு வந்து, அந்த வயதையும் கடந்தார்கள், மண்டலம் வரவில்லை. காவலர் பணிக்கு 2018இல் அறிவிப்பு வெளியிட்டு, வயது வரம்பைத் தளர்த்துவதா கூடாதா என்ற இழுபறியில் ஆண்டுகளைக் கரைத்து, 2022இல்தான் உடற்தகுதித் தேர்வு நடத்தினார்கள். கோப்பு தாமதிக்கும்போது வயது கூடுவது விண்ணப்பித்தவருக்கே. தாமதத்துக்குக் காரணமானவர்கள் பதவி உயர்வு பெற்று வேறு மாநிலத்துக்குச் செல்கிறார்கள். வயது மீறியவர் நெல்லித்தோப்பிலும் முதலியார்பேட்டையிலும் இருக்கும் தம் வீட்டிலேயே இருக்கிறார்.

இளைஞர் வேலையின்மை கடுமையாக இருக்கையில் முதலிடம் அவர்களுக்கே தரப்பட வேண்டும் என்பது மறுக்க முடியாத நியாயம். முதலிடம் தருவது வேறு, பிறருக்கு இடமே இல்லை என்று கதவடைப்பது வேறு. வேலையிழந்த நாற்பது வயதுத் தந்தையின் வருமானம் நின்றால், அந்த வீட்டின் இருபது வயதுப் பிள்ளையும் பயிற்சியை விட்டுவிட்டுக் கிடைத்த கூலி வேலைக்குப் போக நேரும் என்பதைக் கணக்கில் கொள்ளாத இளைஞர் நலனை இளைஞர் நலன் என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது. நடுவயதில் தொழில் மாறுவோருக்கென ஒரு பங்கை ஒதுக்குவதா, தனித் திட்டமே வகுப்பதா, குடும்பப் பொறுப்புள்ளவருக்கு 5,000 ரூபாய் எவ்வகையிலும் போதாது என்பதால் உதவித்தொகையை எப்படி உயர்த்துவது என்பவற்றை விவரமறிந்தோர் கூடி முடிவு செய்யட்டும். ஆனால் அடுத்த அறிவிக்கையும் இந்தக் கேள்வியைத் தொடாமலே வெளிவருமானால், மக்களவையிலும் மாநிலங்களவையிலும் புதுச்சேரிக்கு இருக்கும் ஒவ்வோர் உறுப்பினரும் எழுந்து, சேருவார் இல்லாமல் கிடந்த இடங்களிலும் எங்கள் ஊர்த் தொழிலாளரை ஏன் அமர்த்தவில்லை என்று கேட்டு, எழுத்தில் பதில் பெற்றாக வேண்டும்.